உயர்கல்வி கேள்வி–பதில்: எட்டாம் பருவத்திலிருந்து பின்னோக்கி

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது டிசம்பர் விடுமுறை நடந்துகொண்டிருக்கும். ஜனவரிப் பருவத்துக்கான பாடப் பதிவும் நெருங்கியிருக்கும். வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஈசூன் மாணவியின் கேள்விக்குள் மற்றவர்களுடைய கேள்வியும் பாதி அடங்கியிருப்பதால் அதற்கு அதிக இடம் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளியலை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்து மூன்று பருவங்களை முடித்திருக்கிறேன். பட்டத்துக்கு வேண்டிய 160 யூனிட்டில் 60 முடிந்துவிட்டது. மீதமுள்ள 100இல் மேஜர் பாடங்கள் 44, பொதுப் பாடத்திட்டம் 24, விருப்பப் பாடங்கள் 32. மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில் செல்லவும், ஆறு மாதம் வேலைப் பயிற்சி செய்யவும், புள்ளியியலை இரண்டாம் மேஜராகச் சேர்த்துக்கொள்ளவும், கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுதவும் ஆசை. நான்கு ஆண்டுக்குள் எல்லாம் முடியுமா? எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவைப் புள்ளியியலால் ஆராயும் துறை) அடிப்படைப் பாடத்தை இன்னும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு என்பதால் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடலாம் என்றிருக்கிறேன். – மாணவி, ஈசூன்

பதில்: நீங்கள் கேட்ட நான்கில் பரிமாற்றமும் ஆய்வேடும் முடியும். ஆறு மாத வேலைப் பயிற்சி, நீங்கள் நினைக்கும் வடிவத்தில், முடியாது. இரண்டாம் மேஜர் வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் இவை நான்கையும்விட முக்கியமானது, கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வெள்ளிக்கிழமை வகுப்புதான். எக்கனாமெட்ரிக்ஸ் பாடங்கள் படிக்கட்டுபோல அமைந்தவை. அடிப்படைப் பாடத்தை முடிக்காமல் முதல் நிலைப் பாடத்துக்குப் பதிய முடியாது. அதை முடிக்காமல் மேல்நிலைப் பாடத்துக்குப் போக முடியாது. தரவை வைத்து ஆய்வேடு எழுத விரும்புகிறவர் இந்த மூன்று படியையும் ஏறிய பிறகு எழுதுவதே நல்லது. இதைக் கடைசியிலிருந்து எண்ணிப் பாருங்கள். எட்டாம் பருவத்தில் ஆய்வேடு என்றால், மேல்நிலைப் பாடம் ஏழாம் பருவத்தில் இருக்க வேண்டும். ஐந்திலோ ஆறிலோ ஒன்றில் நீங்கள் வெளிநாட்டில் இருப்பீர்கள். மற்றதில் முதல் நிலைப் பாடம். அப்படியானால் அடிப்படைப் பாடத்துக்கு மிஞ்சுவது நான்காம் பருவம் ஒன்றுதான். அதாவது, வருகிற ஜனவரி. அதை ஆகஸ்டுக்குத் தள்ளினால் முதல் நிலை ஆறாம் பருவத்துக்குப் போகும். மூன்றாம் ஆண்டில் வெளிநாடு செல்ல இடமே இருக்காது. ஏழாம் பருவத்தில் சென்றாலோ மேல்நிலைப் பாடமும் ஆய்வேடும் ஒரே பருவத்தில் வந்து மோதும். ஒரு வெள்ளிக்கிழமை மாலையை மிச்சம் பிடிக்கப் போய் பரிமாற்றத்தையோ ஆய்வேட்டையோ இழப்பீர்கள்.

அடுத்து மணிக் கணக்கு. உங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு யூனிட் என்பது விரிவுரை, டியூட்டோரியல், சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. வழக்கமான பாடம் 4 யூனிட். ஆக, வாரத்துக்கு 10 மணி நேரம். 100 யூனிட்டை ஐந்து பருவங்களுக்குப் பிரித்தால் பருவத்துக்கு ஐந்து பாடம், வாரத்துக்கு 50 மணி நேரம். இதிலேயே மூச்சு முட்டும். ஒரு முழுப் பருவத்தை வேலைப் பயிற்சிக்கு விட்டுக்கொடுத்து, பரிமாற்றப் பருவத்தில் 20 யூனிட் கொண்டுவந்தீர்கள் என்றாலும், மிச்சமுள்ள 80 யூனிட் மூன்று பருவங்களின் தலையில் விழும். கிட்டத்தட்ட ஏழு பாடம், வாரத்துக்கு 67 மணி நேரம். பயிற்சிக்கே யூனிட் தரும் பாடமாக அதைப் பதிய இயலுமா என்று துறையில் கேளுங்கள். இயலாது என்றால், மே நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்டு வரையிலான நீண்ட விடுமுறையில் மூன்று மாதப் பயிற்சி போதும். எட்டாம் பருவத்துக்கு அப்பாலும் நீட்டலாம் என்று யாராவது சொன்னால், கல்வி அமைச்சின் கட்டண மானியம் அந்தக் கூடுதல் பருவத்துக்கும் வருமா என்பதை முதலில் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிமாற்றத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆறாம் பருவத்தில் ஜெர்மனிக்குச் சென்றால் அங்கே கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை நடக்கும். நீங்கள் விடுமுறைப் பயிற்சிக்கு ஒதுக்கிய மாதங்கள் அதிலேயே கரைந்துவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மே மாதத்தில் முடித்துவிடுகின்றன. ஆகவே நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் அழகோடு நாள்காட்டியையும் பாருங்கள். அங்கே எடுக்கும் பாடங்களுக்கு யூனிட் மட்டும்தான் வந்து சேரும், மதிப்பெண் உங்கள் ஜிபிஏயில் (மொத்தப் பாடங்களின் சராசரிப் புள்ளியில்) சேராது என்பதால், பொதுப் பாடத்திட்டத்திலும் விருப்பப் பாடங்களிலும் முடிந்தவற்றை அங்கே வைத்துக்கொண்டு, மேஜரின் முக்கியப் பாடங்களை இங்கே வைத்துக்கொள்வது என் யோசனை. எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்ற ஒப்புதலை விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

இரண்டாம் மேஜருக்கு வருகிறேன். உங்களிடம் இருக்கும் 32 யூனிட் விருப்பப் பாடங்கள் எட்டு. புள்ளியியல் அந்த எட்டையும் விழுங்கிவிடும், அதற்கும் ஒரு படிக்கட்டு உண்டு. இரண்டு படிக்கட்டில் ஒரே நேரத்தில் ஏறுகிறவர், ஓரிடத்தில் கால் தவறினாலும் இரண்டிலும் தடுமாறுவார். பொருளியலுக்கு நேரடியாகப் பயன்படும் மூன்று நான்கு புள்ளியியல் பாடங்களை மட்டும் விருப்பப் பாடமாக எடுத்து நன்றாகச் செய்யுங்கள். அவை உங்கள் மதிப்பெண் பட்டியலில் பெயரோடு இருக்கத்தான் போகின்றன. பட்டச் சான்றிதழில் இரண்டாவது வரி ஒன்று கூடுதலாக இருப்பதற்கு நம் வீடுகளில் கொடுக்கப்படும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து ஐந்து கட்டம் போடுங்கள். வலது ஓரத்தில் எட்டாம் பருவம். அதை முதலில் நிரப்பி இடப்பக்கமாக வாருங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும். ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: அதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடம் எது, அது ஆண்டின் எந்தப் பருவத்தில் நடத்தப்படுகிறது. இரண்டாவது குறிப்பை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நான் பாட ஆலோசகராக வேலை பார்த்த காலத்தில், ஒரு பாடம் இரண்டு பருவத்திலும் நடக்கிறது என்று நினைவிலிருந்து ஒரு மாணவியிடம் சொல்லிவிட்டேன். அந்த ஆண்டு அது ஆகஸ்டில் மட்டுமே நடந்தது. அந்த ஒரு பாடத்துக்காக அவர் கூடுதலாக ஒரு பருவம் காத்திருந்தார். அன்றிலிருந்து, அட்டவணையைத் திறந்து பார்க்காமல் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. உங்கள் ஆலோசகரும் திறந்து பார்க்கிறாரா என்று நீங்கள் கவனிக்கலாம், தவறில்லை.

கேள்வி: என் மகன் பொறியியல் முதலாம் ஆண்டு படிக்கிறான். முதல் பருவத்தில் ஆறு பாடத்தில் இரண்டில் தோல்வி, ஜிபிஏ 2.2. இனி ஹானர்ஸே (சிறப்புநிலைப் பட்டமே) கிடைக்காது, வேறு துறைக்கு மாறுகிறேன் என்கிறான். ஆலோசகரைப் பார் என்றால், தன்னைப் பற்றிக் குறைவாக நினைப்பார்கள் என்று மறுக்கிறான். வாரத்தில் நான்கு நாள் மாலையில் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் எடுக்கிறான். படிப்பில் ஆர்வம் இல்லாதவன் அல்லன். நானே பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசலாமா? – தாய், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பேசலாம் அம்மா, ஆனால் பயன் இராது. மகனின் சம்மதமில்லாமல் அவருடைய மதிப்பெண்ணைப் பற்றி உங்களிடம் பேச மாட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்குப் போன பழக்கத்தில் நமக்கு இது மனத்தாங்கலாக இருக்கும். இருந்தாலும், அவருடைய வயதில் அதுதான் முறை.

ஹானர்ஸ் போய்விட்டது என்ற அச்சத்தைக் கணக்குப் போட்டே தீர்க்கலாம். தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஜிபிஏ 5 புள்ளிக்கானது. பி என்றால் 3.5, பி பிளஸ் என்றால் 4. மகன் படிப்பதும் அத்தகைய இடம் என்றும், பட்டத்துக்கு 130 கிரெடிட் என்றும், முதல் பருவத்தில் பாடத்துக்கு 3 வீதம் 18 கிரெடிட் எடுத்தார் என்றும் வைத்துக்கொள்வோம். 18ஐ 2.2ஆல் பெருக்கினால் 39.6. தோற்ற 6 கிரெடிட்டை மறுபடி எடுக்க வேண்டியிருப்பதால் கணக்கில் வருவது மொத்தம் 136. முடிவில் 3.5 வேண்டுமென்றால் 476 புள்ளி தேவை, கையிலிருக்கும் 39.6ஐக் கழித்தால் 436.4. மிச்சமுள்ள 118 கிரெடிட்டால் வகுத்தால் 3.7. அதாவது, இனி எடுக்கும் பாடங்களில் பி, பி பிளஸ் என்று கலந்து வாங்கினாலே ஹானர்ஸ் மெரிட் எல்லைக்கு வந்துவிடுவார். இந்தக் கணக்கை அவரையே ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் சொல்வதைவிட அவர் கை எழுதும் எண்ணை அவர் நம்புவார்.

துறை மாற்றம் என்பது கேட்டவுடன் கிடைப்பதன்று. சேர விரும்பும் துறை அவருடைய இப்போதைய மதிப்பெண்ணையும் பார்க்கும். இரண்டு தோல்வியோடு விண்ணப்பிப்பதைவிட ஒரு நல்ல பருவத்தோடு விண்ணப்பிப்பது மேல். தவிர, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண்ணில் பட்டது துறையன்று, நான்கு மாலைகள். நான்கு மாலை துணைப்பாடம், அதற்கான பயணம், பிறகு இரவு பத்து மணிக்கு ஆய்வுக்கூட அறிக்கை என்றால், எந்தத் துறையிலும் இதேதான் நடக்கும். வீட்டுக்கு அந்தப் பணம் தேவைப்படுகிறது என்றால் அதை மறைக்காமல் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்திடம் சொல்லச் சொல்லுங்கள். சிண்டாவிலும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உயர்கல்வி உதவி பற்றிக் கேட்கலாம். தேவையில்லை என்றால் ஒரு மாலையோடு நிறுத்தட்டும்.

ஆலோசகருக்கு எழுதும் விதத்திலும் ஒரு வார்த்தை. “எனக்குக் குழப்பமாக இருக்கிறது, என்ன செய்யலாம்” என்று வரும் மின்னஞ்சலுக்கு, எவ்வளவு நல்ல ஆலோசகராலும், “வந்து பாருங்கள்” என்பதற்கு மேல் பதில் எழுத முடியாது. மகன் இப்படி எழுதட்டும்: “முதல் பருவத்தில் கணிதத்திலும் இயற்பியலிலும் தோல்வியடைந்தேன். வாரத்துக்கு நான்கு மாலை வேலை பார்த்ததே முக்கியக் காரணம், அதைக் குறைத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் கணிதத்தை மறுபடி எடுத்து, மொத்தம் நான்கு பாடத்தோடு நிறுத்த எண்ணுகிறேன். என் திட்டத்தை இணைத்திருக்கிறேன். இதனால் மூன்றாம் ஆண்டுப் பாடம் எதற்காவது தடை வருமா?” இதைப் படித்து யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். என் மேசைக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைய வேலையில் முதலில் அதற்குத்தான் பதில் எழுதுவேன்.

பாடத்தைக் கைவிடும் கடைசித் தேதியையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும். தேசியப் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டால் தடமே இருக்காது. அதன்பின் பருவ இடைவேளை வாரம் முடியும்வரை விட்டால் ‘டபிள்யூ’ (விலகல்) என்று பதிவாகும். அதற்கும் பிறகு என்றால் தோல்விதான். மகனுடைய பல்கலைக்கழகத்திலும் இத்தகைய எல்லை இருக்கும். அந்தத் தேதியைக் கைபேசியில் இன்றே ஏற்றி வைக்கட்டும்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்பொறியியல் பட்டயம் பெற்று, இரண்டு ஆண்டு தேசிய சேவையை முடித்துவிட்டு ஆகஸ்டில் பல்கலைக்கழகம் செல்கிறேன். கணிதம் உட்படச் சில பாடங்களுக்கு விலக்கு தருவதாகக் கடிதம் வந்துள்ளது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளலாமா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: கணிதத்தைத் தவிர மற்றவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். கணிதத்துக்கு மட்டும் ஒரு பரீட்சை வையுங்கள், உங்களுக்கு நீங்களே. அந்தப் பாடத்தின் பழைய வினாத்தாள் ஒன்றை அங்கே படிக்கும் நண்பரிடம் வாங்கி, இரண்டு மணி நேரம் கைபேசியை அணைத்துவிட்டு உட்காருங்கள். பாதிக்கு மேல் எழுத முடிந்தால் விலக்கு உங்களுடையது. வகைக்கெழுச் சமன்பாட்டையும் லாப்லாஸ் உருமாற்றத்தையும் பார்த்து, “இதை எங்கேயோ படித்திருக்கிறேனே” என்ற அளவில் நின்றால், விலக்கை மறுக்க வழி உண்டா என்று பதில் அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டாம் ஆண்டின் சிக்னல், கண்ட்ரோல் பாடங்கள் முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. மறுக்க வழியில்லை என்றால், ஆகஸ்டு வரையிலான மாதங்களில் பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்து வாரத்துக்கு ஒரு தலைப்பு வீதம் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் டெலிகிராம் குழுவில் மூத்த மாணவர்கள் சொல்வதை நம்பலாமா? – மாணவர், செங்காங்

பதில்: எந்த விரிவுரையாளர் எப்படி நடத்துகிறார், எந்தப் பாடத்தில் குழு வேலை அதிகம் என்பதற்கெல்லாம் அவர்களைவிட நல்ல ஆள் இல்லை. பட்ட விதிமுறைக்கு மட்டும் வேண்டாம். உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேடு, அவர்களுடையது வேறு. தேசியப் பல்கலைக்கழகத்தில் பாடங்களைப் புள்ளி வைத்து ஏலம் எடுத்த காலம் 2019இல் முடிந்தது. அதன்பிறகு வந்த பதிவு முறைக்கும் பெயர் மாறிவிட்டது. அன்று மாட்யூல் என்றும் கேப் என்றும் சொன்னவை இன்று கோர்ஸ், ஜிபிஏ. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலோ மின்வெள்ளியை (பல்கலைக்கழகம் தரும் மெய்நிகர்ப் பணத்தை) வைத்துப் பாடங்களுக்கு ஏலம் கேட்கும் முறை இருக்கிறது. அங்கே படிப்பவரின் தந்திரம் தேசியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது.

கேள்வி: எனக்கு 41 வயது, பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பைப் பகுதிநேரமாகப் படிக்க எண்ணுகிறேன். மொத்தம் 130 கிரெடிட் யூனிட், பாடமொன்று 5 என்று அறிந்தேன். பருவத்துக்கு எத்தனை பாடம் எடுக்கலாம்? பட்டம் பெற்றால் அரசாங்கப் பள்ளியில் சேர முடியுமா? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: மொத்தம் 26 பாடங்கள். ஆண்டுக்கு இரண்டு பருவம் என்ற கணக்கில், பருவத்துக்கு இரண்டு எடுத்தால் ஆறரை ஆண்டு. மூன்று எடுத்தால் நாலரை ஆண்டு. முதல் பருவத்தில் இரண்டோடு தொடங்குங்கள். பகல் முழுவதும் பிள்ளைகளோடு நின்றுவிட்டு, உட்லண்ட்ஸிலிருந்து கிளமெண்டி சாலைக்கு மாலை வகுப்புக்குப் போய்த் திரும்பும் களைப்பு எவ்வளவு என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாம் பருவத்திலிருந்து மூன்றாக்கலாம். ஜூலையில் தொடங்கும் பருவத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்: தீபாவளி பெரும்பாலும் ஒப்படைப்புகளும் தேர்வும் நெருங்கும் வாரங்களில் வரும். முறுக்குப் பிழிகிற வாரத்தில் சங்கப் பாடலுக்கு உரை எழுதுவது எல்லாராலும் ஆகாது. ஜனவரிப் பருவத்தில் மூன்றும் ஜூலைப் பருவத்தில் இரண்டும் என்று மாற்றி மாற்றி வைத்தால், ஐந்தரை ஆண்டுக்குள் முடித்துவிடலாம்.

நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகள் என்றால், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் திட்டம்) கணக்கில் போடப்படும் 4,000 வெள்ளியை உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் மானியம் பெறும் பட்டப்படிப்புக்குப் பயன்படுத்தலாம். அதற்குக் காலாவதித் தேதி இல்லை என்பதால் அவசரப்பட்டு வேறு குறுகிய வகுப்புகளில் செலவழித்துவிடாதீர்கள்.

பட்டம் மட்டுமே உங்களை அரசாங்கப் பள்ளி ஆசிரியையாக்கிவிடாது. கல்வி அமைச்சு விண்ணப்பத்தைப் பார்த்து, நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுத்த பிறகே தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி. எனவே படிப்பில் சேரும் முன்பே, உங்கள் வயது, இப்போதைய தகுதி, எடுக்கவிருக்கும் பட்டத்தின் பெயர் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு அமைச்சின் ஆசிரியர் பணியமர்த்தும் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும், ஜூலைச் சேர்க்கையா அடுத்த ஜனவரிச் சேர்க்கையா என்பதை முடிவு செய்யலாம்.